வைஃபையில் சரி, சிம்மில் மட்டும் கோணல்: நடுவழியில் தளத்தை மாற்றுவது யார்?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இணையதளம் செய்து கொடுக்கிறவர்களுக்கு இந்தப் புகார் பழகிப்போனது. “தம்பி, ஆபீஸ்ல பார்த்தா நல்லா இருக்கு, தோட்டத்துல நின்னு பார்த்தா வேற மாதிரி வருது, இந்த சிம்காரன் ஏதோ பண்றான்.” மாம்பழக் கூழ் ஆலைக்காரர், ஓசூரில் ரோஜா போட்டிருப்பவர், பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருப்பவர், எல்லோரும் இதையே சொல்கிறார்கள். அவர்கள் பார்த்தது உண்மைதான். ஆனால் கை வைத்தது சிம் நிறுவனமா, போனில் உள்ள பிரவுசரா, நாமே இடையில் போட்ட சிடிஎன்னா (நம் பக்கங்களின் நகலை வைத்து வேகமாக வழங்கும் இடை சர்வர்), தளத்துக்குள் புகுந்த திருட்டு நிரலா என்று தெரியாமல் எதையும் திருத்தக் கூடாது. தெரியாமல் திருத்தினால் நன்றாக இருக்கிற ஒன்றும் கெட்டுப்போகும்.

சிம் நிறுவனத்தின் மேல் சந்தேகம் வருவதற்குக் காரணமும் உண்டு. நெட்வொர்க்குகள் இதைச் செய்த வரலாறு இருக்கிறது, கீழே வரும். ஆனாலும் 2008-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பக்கத்தைச் சுமார் 50,000 பேருக்கு அனுப்பிச் சோதித்தபோது, நூற்றில் ஒருவருக்குச் சற்று மேல் அது மாறிப் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த மாற்றங்களில் பெரும்பகுதி பயனரின் கணினியிலேயே இருந்த பாப்அப் தடுப்பான் போன்ற மென்பொருள் செய்தவை. இன்றைக்கும் நான் முதலில் பயனரின் கையில் இருப்பதையும் என் சர்வரையும் பார்த்துவிட்டுத்தான் நெட்வொர்க் பக்கம் போவேன்.

முதலில் பிரித்துப் பாருங்கள்

புகார் வந்த அதே போன், அதே சிம், ஒரு லேப்டாப். இவ்வளவு போதும். அதே பிரவுசரில் வைஃபையிலும் சிம் டேட்டாவிலும் மாற்றி மாற்றித் திறந்து பாருங்கள். இரண்டிலும் கோளாறு என்றால் சிம்மை விட்டுவிடலாம். சிம்மில் மட்டும் என்றால் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை அந்த சிம் வழியே இணையுங்கள். இப்போது போனின் பிரவுசர் நடுவில் இல்லை, நெட்வொர்க் மட்டும் இருக்கிறது. அப்புறம் கர்ல் கட்டளையால் (பிரவுசர் இல்லாமல் பக்கத்தை இறக்கும் கருவி) பக்கத்தை ஒரு கோப்பாக இறக்குங்கள். சர்வருக்குள் நுழைந்து அங்கிருந்தும் அதையே எடுங்கள். இரண்டு கோப்புக்கும் ஷா-256 மதிப்பு (கோப்பின் கைரேகை போன்றது) ஒன்றாக இருந்தால் வழியில் யாரும் தொடவில்லை. வேறாக இருந்தால் இரண்டையும் ஒப்பிடும் டிஃப் கட்டளையைப் போட்டுப் பாருங்கள், எந்த வரி என்று அதுவே காட்டிவிடும்.

இதில் இரண்டு பொறிகள். வேர்ட்பிரஸ் போன்றவை ஒவ்வொரு முறையும் பக்கத்தில் சில எண்களை மாற்றி அனுப்பும், அதனால் மதிப்பு எப்போதுமே வேறாகத்தான் வரும். எனவே சோதனைக்கென்று அசையாத கோப்புகளைச் சர்வரில் போட்டு வையுங்கள்: சிறிய எச்டிஎம்எல் பக்கம் ஒன்று, ஜேபெக் படம் ஒன்று, ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு ஒன்று. அந்தப் பக்கத்தில் வேண்டுமென்றே நிறைய வெற்று இடமும் திரையில் தெரியாத ஒரு கமென்ட் வரியும் விடுங்கள். நெட்வொர்க் ப்ராக்ஸிகள் (நடுவில் நின்று பக்கத்தை வாங்கித் தரும் சர்வர்கள்) முதலில் தின்பது அவற்றைத்தான். கமென்ட் காணாமல் போயிருந்தால் சுருக்குகிற எதுவோ நடுவில் நிற்கிறது. இந்தக் கோப்புகள் எச்டிடிபி (பூட்டில்லாத வழி), எச்டிடிபிஎஸ் (பூட்டிய வழி) இரண்டிலும் திறக்க வேண்டும், ஒப்பிடுவதே அதற்காகத்தான்.

இரண்டாவது பொறி, கர்ல் தன்னைக் கர்ல் என்றே அறிமுகம் செய்துகொள்ளும். போனுக்கு மட்டும் வேலை காட்டுகிற நிரல் அதைக் கண்டதும் நல்ல பிள்ளையாகிவிடும். போனின் யூசர்-ஏஜென்ட் வரியை (வந்திருப்பது எந்தக் கருவி, எந்த பிரவுசர் என்று சர்வருக்குச் சொல்வது) அப்படியே கொடுத்து இறக்குங்கள்.

“போன்ல திறந்தா ரம்மி விளையாட்டுக்குப் போகுது”

வருகிற புகார்களில் மோசமானது இதுதான். வாடிக்கையாளர் சிம்மைச் சபிப்பார், நாமும் தலையாட்டிவிடுவோம். ஆனால் இது எனக்குத் தெரிந்தவரை எப்போதும் தளத்தின் உள்ளே இருக்கிற நோய். திருட்டுத் தீம் அல்லது புதுப்பிக்காத பிளக்இன் வழியே நுழைந்தவன், பார்க்க வருகிறவர் போனில் வருகிறாரா, கூகுள் தேடலிலிருந்து வருகிறாரா என்று பார்த்து, அவரை மட்டும் சூதாட்டத் தளத்துக்குத் தள்ளிவிடுவான். ஒருமுறை தள்ளியதும் பிரவுசரில் குக்கீ என்ற ஓர் அடையாளத்தை வைத்துவிட்டு அடுத்த முறை விட்டுவிடுவான். உரிமையாளர் எப்போதும் கம்ப்யூட்டரில், முகவரியை நேராகத் தட்டித் திறப்பார். அவர் கண்ணுக்கு அது படவே படாது.

சோதனை எளிது. ஆபீஸ் வைஃபையிலேயே, கர்லுக்குப் போனின் யூசர்-ஏஜென்டையும், ரெஃபரராக (எங்கிருந்து வந்தார் என்று சொல்லும் வரி) கூகுள் முகவரியையும் கொடுங்கள். வேறு தளத்துக்குத் தள்ளும் பதில் வந்தால் சிம் குற்றமற்றது. வராவிட்டால், போனில் மறைநிலை ஜன்னலைத் திறந்து கூகுளில் தேடி உள்ளே வாருங்கள்; சில நிரல் பக்கம் திறந்த பிறகுதான் ஜாவாஸ்கிரிப்டில் தள்ளும், கர்லில் அது தெரியாது.

சுத்தம் செய்யும்போது எச்டிஅக்சஸ் கோப்பு, தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பு, இன்டெக்ஸ் கோப்பு, அப்லோட்ஸ் கோப்புறைக்குள் இருக்கவே கூடாத பிஎச்பி கோப்புகள், டேட்டாபேசில் ஆப்ஷன்ஸ் அட்டவணை ஆகியவற்றைப் பாருங்கள். கிரான் வேலைகளை (சர்வரில் குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை) மறக்காதீர்கள். காலையில் அழித்தது மாலையில் திரும்ப முளைத்தால் கிரானில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பகிர்ந்த ஹோஸ்டிங் என்றால் அதே கணக்கில் இருக்கும் மற்ற தளங்களையும் சேர்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் துடைத்து வைத்தால் பக்கத்திலிருந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும். கடைசியில் எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள்.

“நான் எழுதாத ஸ்கிரிப்ட் ஒண்ணு பக்கத்துல இருக்கு”

இங்கேதான் நெட்வொர்க் மேல் நியாயமான சந்தேகம் வரும். பிரிட்டனில் 3ஜி காலத்தில் பைட்மொபைல் என்ற சுருக்கும் அமைப்பு ஓடிய நெட்வொர்க்குகளில், பக்கத்தின் தலையில் பிஎம்ஐ என்ற பெயரில் ஒரு ஸ்கிரிப்ட் 1.2.3 என்று தொடங்கும் ஐபி முகவரியிலிருந்து வந்து உட்காரும். படத்தின் மேல் சுட்டியை வைத்தால், ஷிப்ட்டையும் ஆர் எழுத்தையும் அழுத்தினால் படம் தெளிவாகும் என்று ஒரு குறிப்பு முளைக்கும். தளத்தை எழுதியவனுக்கே தெரியாத குறிப்பு அது.

நம் பக்கத்துக் கதை பெங்களூரில் நடந்தது. 2015 ஜூனில் தேஜேஷ் என்ற நிரலாளர், ஏர்டெல் 3ஜி வழியே தன் சொந்தத் தளத்தைத் திறந்தபோது அதில் தான் போடாத ஸ்கிரிப்டும் ஐஃப்ரேமும் (பக்கத்துக்குள் வேறொரு பக்கம்) இருப்பதைக் கண்டார். ஆதாரத்தை நிரல்கள் பகிரும் தளமான கிட்ஹப்பில் போட்டார். அந்த நிரலை உருவாக்கிய இஸ்ரேலின் ஃப்ளாஷ் நெட்வொர்க்ஸ் அவருக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. பதிப்புரிமைப் புகாரின் பேரில் கிட்ஹப் பக்கமும் நீக்கப்பட்டது. வாடிக்கையாளர் எவ்வளவு டேட்டா செலவழிக்கிறார் என்று அறிய உதவும் சோதனை அது என்று ஏர்டெல் விளக்கம் கொடுத்தது. நோக்கம் எதுவானாலும், அடுத்தவன் பக்கத்துக்குள் சொல்லாமல் எழுதினார்கள் என்பதுதான் நிரலாளர்களின் கோபம். அது நியாயமான கோபம்.

உங்கள் சோதனைப் பக்கம் எச்டிடிபியில் மாறியும் எச்டிடிபிஎஸ்ஸில் மாறாமலும் வந்தால் நடுவழியில் செருகுகிறார்கள் என்பது உறுதி. எச்டிடிபிஎஸ்ஸிலும் மாறினால் நெட்வொர்க்கால் அதைச் செய்ய முடியாது, உங்கள் தளத்தின் பூட்டுக்கான சான்றிதழ் இல்லாமல் உள்ளே நுழைய வழியில்லை. அப்போது பட்டியல் இது: உங்கள் சிடிஎன், ஹோஸ்டிங் நிறுவனம், பயனரின் பிரவுசர், பிரவுசர் நீட்சி. சில சிடிஎன்கள் ஸ்கிரிப்டைத் தள்ளி ஏற்றுவது, மின்னஞ்சல் முகவரியை மறைத்து வைப்பது போன்ற வேலைகளைத் தாமாகவே செய்யும். தொடர்புப் பக்கத்தில் மின்னஞ்சல் இருக்க வேண்டிய இடத்தில் ‘மின்னஞ்சல் பாதுகாக்கப்பட்டது’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி தெரிகிறதா? அது சிம் வேலை இல்லை, சிடிஎன் வேலை.

ஒட்டிய இன்னொரு அறிகுறி: ஸ்கிரிப்ட் செருகப்படவில்லை, ஆனால் உங்கள் ஸ்கிரிப்டையே பிரவுசர் ஓட்ட மறுக்கிறது, கன்சோலில் இன்டெக்ரிட்டி பிழை என்று வருகிறது. ஸ்கிரிப்டின் ஹாஷ் மதிப்பைப் (ஷா-256 போன்ற கைரேகை) பக்கத்திலேயே எழுதியிருக்கிறீர்கள், வழியில் யாரோ அதைச் சுருக்கியிருக்கிறார்கள், ஒரு பைட் மாறினாலும் பிரவுசர் தள்ளிவிடும். பாதுகாப்பு சரியாக வேலை செய்திருக்கிறது. ஹாஷை எடுத்துவிட்டுத் தப்பிக்காதீர்கள், சுருக்குகிறவரைப் பிடியுங்கள்.

“படம் எல்லாம் மங்கலா வருது”

கிருஷ்ணகிரி ஆலைகளுக்குப் பெங்களூரா மாங்காயின் தோல் நிறமும் புள்ளியும் முக்கியம். தரம் பார்த்து விலை சொல்கிறவர் படத்தில் கரும்புள்ளி தெரியவில்லை என்றால் கோபப்படத்தான் செய்வார். படத்தின் கோப்பு அளவை இரு வழியிலும் ஒப்பிடுங்கள். எச்டிடிபியில் மட்டும் அளவு குறைந்தால் நெட்வொர்க் சுருக்குகிறது. இரண்டிலும் குறைந்தால் சிடிஎன்னோ படத்தைச் சுருக்கும் பிளக்இன்னோ. கோப்பு ஒன்றேபோல இருந்தும் மங்கலாகத் தெரிந்தால், சிறிய படத்தைப் பெரிய திரையில் இழுத்துக் காட்டுகிறீர்கள், அவ்வளவுதான்.

ஒரு விஷயம்: வாடிக்கையாளர் ஆதாரமாக அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் வாட்ஸ்அப்பில் வந்தால் அதுவே சுருங்கித்தான் வந்திருக்கும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். வீடியோ மங்கல் என்றால் பெரும்பாலும் வேகத்தைப் பார்த்து பிளேயரே தரத்தைக் குறைத்திருக்கும். வேகத்தை நெட்வொர்க் மட்டுப்படுத்தலாம், ஆனால் எச்டிடிபிஎஸ்ஸில் வரும் படத்தின் உள்ளே அது கை வைக்க முடியாது.

“போன்ல கம்ப்யூட்டர் தளம்தான் வருது”

நெட்வொர்க்குக்கும் தளம் எழுதுகிறவர்களுக்கும் இதில் வந்த சண்டைதான் எல்லாவற்றுக்கும் மூலம். 2007-இல் பிரிட்டனில் வோடஃபோன், நோவாரா என்ற நிறுவனத்தின் மாற்றும் ப்ராக்ஸியை நடுவில் வைத்தது. கம்ப்யூட்டருக்கு எழுதிய தளங்களைச் சிறிய போனுக்கு ஏற்ப வெட்டிக் கொடுப்பது நோக்கம். அதற்காகப் போனின் யூசர்-ஏஜென்ட் வரியை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் பிரவுசர் போன்ற ஒன்றை வைத்து அனுப்பியது. விளைவு என்ன? போனுக்கென்றே தனித் தளம் செய்து வைத்திருந்தவர்களின் சர்வருக்கு வந்திருப்பது போன் என்றே தெரியவில்லை. மாடல் தெரிந்தால்தான் சரியான ரிங்டோனையும் ஜாவா விளையாட்டையும் கொடுக்க முடியும் என்ற காலம் அது, அவர்கள் வியாபாரமே நின்றது. மொபைல் தள நிரலாளர் லூக்கா பசானி முன்னின்று நிரலாளர்களைத் திரட்டி எதிர்த்தார். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2010-இல் மாற்றும் ப்ராக்ஸிகளுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது: ஹெட்டரை (கோரிக்கையோடு போகும் தகவல் வரி) மாற்றக் கூடாது, மாற்றியே ஆக வேண்டுமென்றால் மூல வரியை எக்ஸ்-டிவைஸ்-யூசர்-ஏஜென்ட் என்ற ஹெட்டரில் தர வேண்டும்.

இப்போது இந்த அறிகுறி வந்தால் முதலில் பிரவுசர் மெனுவில் ‘டெஸ்க்டாப் தளம்’ என்ற குறி தெரியாமல் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாதிக் கேஸ் அங்கேயே முடிந்துவிடும். அடுத்தது பக்கத்தைத் திரை அகலத்துக்குப் பொருத்தச் சொல்லும் வியூபோர்ட் வரி இருக்கிறதா என்பது. மூன்றாவது ஓபரா மினி என்ற பிரவுசர். அதன் உச்ச சேமிப்பு முறையில் பக்கம் ஓபராவின் சர்வரில் தயாராகி, சுருங்கிய வடிவில் போனுக்கு வருகிறது. அதனால் எச்டிடிபிஎஸ் இருந்தும் பக்கம் மாறும், ஏனென்றால் பூட்டுத் திறப்பதே அவர்கள் சர்வரில். உங்கள் சர்வரின் வருகைப் பதிவான லாகில் ஓபராவின் ஐபி தெரியும்; போனின் விவரம் எக்ஸ்-ஓபராமினி-போன்-யூஏ என்ற ஹெட்டரில் வரும். ஜாவாஸ்கிரிப்ட் அங்கே சற்று நேரமே ஓடும். எனவே விலைப் பட்டியல் போன்ற முக்கியமானவை ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலே தெரியும்படி எழுதுங்கள். அஞ்செட்டி, வத்தல்மலை போன்ற மேட்டுப் பகுதிகளில் சிக்னல் கிடைப்பதே பெரிய விஷயம், அங்கே அந்த பிரவுசரைக் குறை சொல்ல மாட்டேன்.

பழைய கட்டுரைகளைப் பார்த்து கூகுள் வெப்லைட்டையும் குரோமின் லைட் முறையையும் தேடாதீர்கள். இரண்டும் 2022-இல் நிறுத்தப்பட்டன.

“ஓசூர்ல திறந்தா கன்னடத்துல வருது”

இங்கே நெட்வொர்க் பக்கத்தைத் தொடவே இல்லை, நம் தளம்தான் அவசரப்பட்டிருக்கிறது. மொபைல் டேட்டாவின் ஐபி, போன் நிற்கும் இடத்தைச் சொல்லாது; நெட்வொர்க்கின் வாயில் எந்த நகரத்தில் இருக்கிறதோ அதைத்தான் பெரும்பாலும் சொல்லும். ஓசூர் எல்லையில் போன் கர்நாடகக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. ஐபியை வைத்து ஊரைக் கணித்து மொழியையும் டெலிவரி கட்டணத்தையும் மாற்றினால், தேன்கனிக்கோட்டைக்காரருக்குப் பெங்களூர் விலை தெரியும். மொழிக்கு, பயனர் விரும்பும் மொழியைச் சொல்லும் அக்செப்ட்-லாங்வேஜ் ஹெட்டரைப் பாருங்கள், மாற்றிக்கொள்ள ஒரு பொத்தான் கொடுங்கள். இடத்துக்கு அஞ்சல் குறியீட்டைக் கேளுங்கள். 635001 என்றால் கிருஷ்ணகிரி, 636701 என்றால் தருமபுரி, சந்தேகமே வராது.

“காலையில மண்டி நேரத்துல யாருக்குமே திறக்கலை”

தக்காளி ஏலம் நடக்கிற நேரம், ராயக்கோட்டையில் எல்லோரும் ஒரே சமயத்தில் விலையைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்க்கிறார்கள். திடீரென்று ஒரு சிம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் 403 (அனுமதி இல்லை) அல்லது 429 (கோரிக்கைகள் அதிகம்) என்ற பிழை வருகிறது. அடுத்த சிம்காரருக்குப் பிரச்சினையே இல்லை. பார்ப்பவருக்கு இது சிம் நிறுவனம் தடுத்தது போலவே தெரியும். தடுத்தது உங்கள் சர்வரின் காவல் மென்பொருளான ஃபயர்வால்.

ஐபிவி4 என்ற பழைய வகை ஐபி முகவரிகள் போதாததால் நெட்வொர்க்குகள் நிறையப் பேரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துகின்றன. போனின் நெட்வொர்க் விவரத்தில் 100.64 முதல் 100.127 வரையிலான முகவரி தெரிந்தால் அது இந்த ஏற்பாடுதான். அதற்கென்றே 2012-இல் ஒதுக்கப்பட்ட தொகுதி அது. உங்கள் சர்வருக்கு மண்டியே ஒற்றை ஆள். ஒரே ஆள் நொடிக்கு இத்தனை முறை கேட்கிறானே, தாக்குதல்தான் என்று பூட்டிவிடுகிறது. லாகில் மறுக்கப்பட்ட ஐபியைப் பாருங்கள், ஒரே ஐபியிலிருந்து பல போன் மாடல்கள் வந்திருந்தால் உறுதி.

வரம்பை ஐபிக்கு வைக்காமல் செஷனுக்கோ உள்நுழைந்த கணக்குக்கோ வையுங்கள். விலைப் பக்கத்தைச் சில நொடிகளாவது கேஷில் (தயாரான நகலாக) வைத்தால் சுமையே குறையும். சர்வரில் புதிய வகையான ஐபிவி6-ஐ இயக்குவது இன்னும் நல்லது, அதில் போனுக்குப் போன் முகவரித் தொகுதி தனி.

“ஒரு சிம்ல வருது, இன்னொரு சிம்ல வரவே மாட்டேங்குது”

ஐபிவி6 பேச்சு எடுத்ததால் இதையும் சொல்லிவிடலாம். ஜியோவின் நெட்வொர்க் பெரும்பாலும் ஐபிவி6-இல் ஓடுகிறது. ஹோஸ்டிங் மாற்றும்போது டிஎன்எஸ்ஸில் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக்கும் பட்டியல்) ஐபிவி4-க்கான ஏ ரெக்கார்டை மாற்றிவிட்டு, ஐபிவி6-க்கான குவாட்-ஏ ரெக்கார்டைப் பழைய சர்வரிலேயே விட்டிருப்பார்கள். ஐபிவி4 மட்டும் இருக்கும் ஆபீஸ் பிராட்பேண்டில் புதுத் தளம் வரும், போனில் பழைய தளமோ ஹோஸ்டிங் நிறுவனத்தின் வெற்றுப் பக்கமோ வரும். பழைய சர்வர் செத்திருந்தால் பிரவுசர் தானாக ஐபிவி4-க்குத் திரும்பிவிடும். அது உயிரோடு இருந்து தவறான பக்கத்தைக் கொடுப்பதுதான் ஆபத்து, பிரவுசர் அதைச் சரியான பதில் என்றே எடுத்துக்கொள்ளும். கர்லை ஒருமுறை ஐபிவி4 மட்டும், ஒருமுறை ஐபிவி6 மட்டும் என்று கட்டாயப்படுத்தி ஓட்டினால் நொடியில் தெரியும்.

சின்னப் பக்கம் வருகிறது, பெரியது பாதியில் தொங்குகிறது, அல்லது பூட்டு இணைப்பே சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் பாக்கெட் (தகவல் போகும் துண்டு) அளவைச் சந்தேகியுங்கள். மொபைல் நெட்வொர்க் பாக்கெட்டைச் சுரங்கத்துக்குள் வைத்துக் கொண்டுபோவதால் 1500 பைட் முழுசாகப் போகாமல் போகலாம். ‘பெரிதாக இருக்கிறது’ என்று திரும்பி வரும் ஐசிஎம்பி செய்தியை உங்கள் ஃபயர்வாலே தடுத்திருந்தால் சர்வருக்கு விஷயமே தெரியாது. ஐசிஎம்பியை மொத்தமாகத் தடுக்கும் பழக்கத்தை விடுங்கள். தற்காலிகமாக எம்எஸ்எஸ் அளவை (ஒரு பாக்கெட்டில் போகும் தகவலின் உச்ச அளவு) 1360 பைட் அளவுக்குக் குறைத்துப் பாருங்கள், தொங்கல் நின்றால் காரணம் அதுதான்.

தளம் வருகிறது, எழுத்துருவோ ஒரு லைப்ரரியோ மட்டும் வரவில்லை என்றால், அந்தக் கோப்பு இருக்கும் டொமைன் அந்த நெட்வொர்க்கில் தடுக்கப்பட்டிருக்கலாம். 2014 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவில் தடுக்கப்பட்ட 32 தளங்களில் கிட்ஹப்பும் விமியோவும் இருந்தன. அடுத்தவர் டொமைனை நம்பாமல் கோப்பை உங்கள் சர்வரிலேயே வையுங்கள்.

“உங்க தளத்துக்குப் பதிலா ரீசார்ஜ் பக்கம் வருது”

டேட்டா தீர்ந்துவிட்டது. எச்டிடிபி கோரிக்கையை நெட்வொர்க் தன் ரீசார்ஜ் பக்கத்துக்குத் திருப்புகிறது. பிரவுசரில் இது தொல்லை மட்டும்தான். ஆப்பில் விபரீதம்: ஜேசன் வடிவத் தகவலை எதிர்பார்த்த இடத்தில் எச்டிஎம்எல் வந்து விழுந்து ஆப் நொறுங்கும். கிராஷ் பதிவில் முதல் எழுத்தாகக் கோண அடைப்புக்குறி தெரிந்தால் இதுவாக இருக்கலாம். ஆப் தகவல் கேட்கும் ஏபிஐயை எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றுங்கள், பதிலின் வகையைச் சொல்லும் கன்டென்ட்-டைப்பைப் பார்த்த பிறகே அதைப் பிரித்துப் படியுங்கள்.

“பழைய போன்ல மட்டும் பாதுகாப்பு எச்சரிக்கை வருது”

போனின் தேதி சரியா என்று பாருங்கள். சரியென்றால், ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தையதா? இலவசமாக எச்டிடிபிஎஸ் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டின் மூலச் சான்றிதழ் அவற்றில் இல்லை. பழைய சான்றிதழோடு இணைத்து வைத்திருந்த குறுக்கு ஏற்பாடு 2024-இல் முடிந்துவிட்டது. அந்தப் போன்களில் ஃபயர்ஃபாக்ஸ் தன் சொந்தச் சான்றிதழ்ப் பட்டியலை வைத்திருப்பதால் திறக்கும். அப்படிப்பட்ட வாடிக்கையாளர்கள் நிறைய என்றால், பழைய மூலச் சான்றிதழ் உள்ள வேறு நிறுவனத்திடம் வாங்கலாம்.

நிரந்தரமாகச் செய்ய வேண்டியவை

தளம் முழுக்க எச்டிடிபிஎஸ். நெட்வொர்க் செருகல், படச் சுருக்கம், ஹெட்டர் மாற்றம் மூன்றும் இதோடு முடிந்தன. 2012 ஜனவரியில் பிரிட்டனின் ஓ2 நெட்வொர்க், பார்க்கும் தளங்களுக்கெல்லாம் வாடிக்கையாளரின் போன் எண்ணையே ஹெட்டரில் அனுப்பிக்கொண்டிருந்தது தெரியவந்தது. அமெரிக்காவில் வெரைசன், பயனரை அடையாளம் காட்டும் ஒரு ஹெட்டரைச் செருகியதற்காக 2016-இல் 13.5 லட்சம் டாலர் கட்டியது. இரண்டும் எச்டிடிபியில் நடந்தவை.

சிடிஎன் வைத்திருந்தால் பார்வையாளரிடமிருந்து சிடிஎன் வரை மட்டும் பூட்டு, சிடிஎன்னிலிருந்து உங்கள் சர்வர் வரை திறந்த வழி என்ற அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். முகவரிப் பட்டையில் பூட்டு தெரியும், ஆனால் பாதிதான் உண்மை.

அடுத்தது எச்எஸ்டிஎஸ் ஹெட்டர்; இனி எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் வா என்று பிரவுசருக்குச் சொல்வது அது. முதல் வருகை எச்டிடிபியில் தொடங்குவதையும் அடைக்க, பிரவுசரிலேயே பதிந்து வரும் ப்ரீலோடு பட்டியல் உண்டு, அதற்கு ஓர் ஆண்டாவது காலம் குறிக்க வேண்டும், துணை டொமைன்களையும் சேர்க்க வேண்டும். இங்கே நிதானம் வேண்டும். ஆலையின் எடைமேடை மென்பொருள் ஏதோ ஒரு துணை டொமைனில் பழைய எச்டிடிபியில் ஓடிக்கொண்டிருந்தால், நீங்கள் ஹெட்டரைப் போட்ட அன்று லாரிகள் வாசலில் நிற்கும். முதலில் சில நிமிடக் காலத்தோடு போட்டுப் பாருங்கள், பிறகு நாள், பிறகு மாதம்.

கேஷ்-கன்ட்ரோல் ஹெட்டரில் நோ-டிரான்ஸ்ஃபார்ம் என்று சேர்ப்பது, ‘என் பக்கத்தை மாற்றாதே’ என்று நடுவில் நிற்பவரிடம் முறையாகச் சொல்வது. ஒழுங்கான ப்ராக்ஸி கேட்கும், ஒழுங்கற்றது கேட்காது. அதனால் இது எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்று அல்ல. சிடிஎன் இதை மதித்துச் சுருக்குவதையே நிறுத்தக்கூடும் என்பதால் சர்வரிலேயே ஜிசிப் முறையில் சுருக்கி அனுப்புங்கள். இன்ஜின்எக்ஸ் சர்வர் மென்பொருளில் லொகேஷன் பகுதிக்குள் ஒரு ஹெட்டரைச் சேர்த்தால் மேலே எழுதியவை அங்கே வராமல் போகும். போட்டுவிட்டேன் என்று நம்பாமல் பதிலைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

லாக் வடிவத்தில், நடுவில் ப்ராக்ஸி இருந்தால் காட்டக்கூடிய வயா, எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெட்டர்களையும் சேர்த்து வையுங்கள். அடுத்த புகார் வரும்போது தேட ஏதாவது இருக்கும்.

நெட்வொர்க்தான் என்று உறுதியானால்

நம் நாட்டில் நெட்வொர்க் சமநிலைக்கான (எல்லாத் தளங்களையும் ஒரேபோல நடத்த வேண்டும் என்ற கொள்கை), தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் பரிந்துரை 2017 நவம்பரில் வந்தது, 2018 ஜூலையில் அரசு ஏற்றது. அதனால் கேட்க உங்களுக்கு இடம் இருக்கிறது. ஆனால் ட்ராய் தனிநபர் புகாரை நேரடியாக விசாரிப்பதில்லை. முதலில் சிம் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிந்து டாக்கெட் எண் வாங்க வேண்டும், தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக வேண்டும்.

‘தளம் சரியாக வரவில்லை’ என்று எழுதினால் போனை அணைத்துப் போடுங்கள் என்ற பதில்தான் வரும். மாறிய கோப்பு, மாறாத கோப்பு, இரண்டின் ஷா-256, எடுத்த தேதியும் நேரமும், எந்த ஊர், எந்தத் தொலைத்தொடர்பு வட்டத்து சிம், ஏபிஎன் பெயர் (போனின் டேட்டா அமைப்பில் இருக்கும்), அப்போதைய பொது ஐபி, அந்த நேரத்துச் சர்வர் லாக் வரி, இவற்றை ஒரே மின்னஞ்சலில் இணையுங்கள். சிம் வாடிக்கையாளர் பெயரில் இருக்கும், எனவே புகாரும் அவர் பெயரிலேயே போக வேண்டும். கடிதத்தை நீங்கள் எழுதிக் கொடுத்து, அனுப்பச் சொல்லுங்கள்.